குடி வந்தாச்சு… ஓட்டு வந்துடுச்சா?

புறநகர் பெருகுவதால் தேர்தல் கணக்கு எப்படி மாறுகிறது என்று புதுச்சேரி, கடலூர் வட்டார வாசகர்கள் கேட்டவற்றுக்கு, தேர்தல் நடைமுறையும் உள்ளாட்சி நிர்வாகமும் தெரிந்த எங்கள் குழுவினர் அளிக்கும் பதில்கள்.

சின்ன வயதில் காசுக்கடை, புஸ்ஸி என்றெல்லாம் தொகுதிகள் இருந்தன. இப்போது அந்தப் பெயர்களையே காணோமே?
(முத்தியால்பேட்டை வாசகர்)

2008 தொகுதி மறுவரையறையில் புதுச்சேரிப் பகுதியில் நான்கு பெயர்கள் போயின: காசுக்கடை, புஸ்ஸி, ரெட்டியார்பாளையம், குருவிநத்தம். ஆறு பெயர்கள் வந்தன: கதிர்காமம், இந்திரா நகர், காமராஜ் நகர், காலாப்பட்டு, மணவெளி, மங்கலம். போன பெயர்களில் முதல் இரண்டும் பழைய நகரம். வந்தவற்றில் பெரும்பாலானவை வயலும் தோப்பும் மனைகளாகிக் குடியேறிய பக்கம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவு. மறுவரையறைக்கு 2001 மக்கள்தொகையை எடுத்துக்கொண்டார்கள். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கு பகுதியும் சேர்த்து மொத்தம் 9,74,345 பேர், 30 தொகுதி. ஒரு தொகுதிக்கு சராசரி 32,478 பேர். புதுச்சேரிப் பகுதியின் 7,35,332 பேரை இதால் வகுத்தால் 22.6 வருகிறது. ஆனால் அதுவரை இருந்தது 21 தொகுதிதான். காரைக்காலின் 1,70,791 பேருக்கு 5.3 வருகிறது, இருந்தது 6. மாஹேயில் 36,828 பேர்தான். அவர்களுக்கு மாஹே, பள்ளூர் என்று இரண்டு தொகுதிகள் இருந்தன! ஆக, காரைக்காலில் கோட்டுச்சேரி போயிற்று, மாஹேயில் பள்ளூர் போயிற்று, புதுச்சேரி 23 ஆயிற்று. ஏனாம் ஒன்று அப்படியே. மொத்தம் 30 என்பது மாறவில்லை. அதனால் புறநகருக்குக் கிடைத்த ஒவ்வொரு இடமும் பழைய நகரமோ வேறு பகுதியோ இழந்த இடம்.

அரசியலில் இதன் பலன் 2011இலேயே தெரிந்தது. அதற்கு முன்பே முதல்வராக இருந்து, அந்த ஆண்டு பிப்ரவரியில் என்.ஆர். காங்கிரஸ் என்ற தனிக்கட்சி தொடங்கிய ரங்கசாமி, ஏப்ரல் தேர்தலில் நின்ற இரண்டு இடங்களும் கதிர்காமம், இந்திரா நகர் என்ற புதுத் தொகுதிகள். இரண்டிலும் வென்றார். 2016இல் இந்திரா நகர். அதற்கு முன்பு 1991 முதல் 2006 வரையும், பிறகு 2021இலும் தட்டாஞ்சாவடி. மூன்றுமே உழவர்கரை நகராட்சிப் பக்கம். ஆட்சி நடக்கும் சட்டமன்றக் கட்டடம் பழைய நகரத்தில் இருக்கிறது. அங்கே யார் உட்காருவது என்பது மேற்கே உழவர்கரைப் பக்கத்தில் வெகுவாகத் தீர்மானமாகிறது.

எங்கள் நகரில் மொத்தமே 400 வீடு. எங்களைக் கட்சிக்காரர்கள் இத்தனை அக்கறையாகத் தேடி வருவது ஏன்?
(மூலக்குளம் வாசகி)

400 வீட்டில் சுமார் 1,000 ஓட்டு என்று வையுங்கள். 2021இல் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் முழுக்க வாக்காளர் பத்து லட்சத்தை ஒட்டி. தொகுதிக்குச் சராசரி 33,500. உங்கள் ஒரு நகர் மட்டும் 3 சதவீதம். தமிழ்நாட்டில் சராசரித் தொகுதிக்கு 2.7 லட்சம் வாக்காளர், அங்கே அதே 1,000 ஓட்டு 0.4 சதவீதம்கூடத் தேறாது. சென்னைப் புறநகரின் சோழிங்கநல்லூரில் 2021இல் 6.94 லட்சம் வாக்காளர்கள். அங்கே 1,000 ஓட்டு கடலில் கரைத்த பெருங்காயம்.

புதுச்சேரி வேட்பாளர் தெருவாரியாகப் பேர் சொல்லி ஓட்டு கேட்பதும், நலச்சங்கத் தலைவர் ஒருவரின் கோபத்துக்குக்கூட பயப்படுவதும் இந்த விகிதத்தால்தான். ஒரு எச்சரிக்கை: 400 வீட்டில் பாதிப் பேரின் பெயர் இன்னும் பழைய தெருப் பட்டியலில் இருந்தால் உங்கள் 3 சதவீதம் ஒன்றரை ஆகிவிடும். எந்த நகரில் எத்தனை பெயர் ஏறியிருக்கிறது என்பது வாக்குச்சாவடி முகவர்களுக்கு விரல் நுனியில் இருக்கும்.

நெல்லித்தோப்பில் ஓட்டு. வில்லியனூர் பக்கம் வீடு கட்டிக் குடியேறி ஒன்றரை வருடமாகிறது. ஓட்டை மாற்றித்தான் ஆக வேண்டுமா? இரண்டு இடத்திலும் வைத்துக்கொண்டால் என்ன?
(வில்லியனூர் வாசகர்)

வைத்துக்கொள்ளக் கூடாது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, ஒருவர் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதியில் இருக்கக் கூடாது என்கிறது. பொய் உறுதிமொழி கொடுத்தால் 31ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 20ஆவது பிரிவையும் பலர் கவனிப்பதில்லை. ஓர் இடத்தில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவர் அங்கே வழக்கமாக வசிப்பவர் ஆகிவிட மாட்டார். மனை வாங்கிப் போட்டவர், வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டவர் ஆகியோருக்கு அந்தத் தொகுதியில் ஓட்டு கிடையாது. வாடகைக்கு இருப்பவருக்கு உண்டு.

வழி இது. படிவம் 8 போடுங்கள். முன்பு தொகுதி மாறினால் படிவம் 6, தொகுதிக்குள் மாறினால் 8ஏ என்று இருந்தது. 2022 ஆகஸ்டு முதல் இரண்டு வகை இடமாற்றத்துக்கும் 8 ஒன்றே. அதில் குடிபெயர்ந்ததற்கான கட்டத்தைத் தேர்ந்து, பழைய வாக்காளர் அடையாள அட்டை எண்ணையே எழுதுங்கள். அந்த எண் மாறாது. முகவரி ஆதாரமாகக் குடிநீர், மின்சாரம், எரிவாயு ரசீதில் ஒன்று, ஆதார், வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், பாஸ்போர்ட், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், பதிவு செய்த கிரயப் பத்திரம் இவற்றில் ஏதாவது ஒன்று போதும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் போடலாம், செயலியில் போடலாம், வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் தாளாகவும் கொடுக்கலாம். ஒப்புகை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகத்துக்கு 1950 என்ற எண்.

புது நகர்களில் மனு தவறுவது பெரும்பாலும் இப்படித்தான்:

வீட்டுக்குக் கதவு எண் வந்திருக்காது. 'மனை எண் 47' என்று மட்டும் எழுதினால், பக்கத்து மனைப்பிரிவிலும் ஒரு 47 இருக்கும். அலுவலர் வந்து தேடிவிட்டு 'இந்த முகவரியில் இல்லை' என்று எழுதிப் போய்விடுவார். நகர் பெயர், குறுக்குத் தெரு, எதிரே உள்ள கோயில் அல்லது கடை, பக்கத்து வீட்டுக்காரரின் வாக்காளர் எண் இவ்வளவும் எழுதுங்கள். பக்கத்து வீட்டு எண் கொடுத்தால் நீங்கள் வாக்காளர் பட்டியலின் சரியான பாகத்தில் (உங்கள் தெரு சேர்ந்த சாவடிப் பட்டியலில்) ஏறுவீர்கள். இல்லாவிட்டால் அப்பா ஒரு சாவடி, பிள்ளை ஒரு சாவடி என்று பிரிந்துபோகும்.

மின் இணைப்பு இன்னும் வீடு கட்டி விற்றவர் பேரிலேயே இருக்கும். அந்த ரசீதை இணைத்துப் பயனில்லை.

அவசரத்தில் படிவம் 6ஐ மறுபடி போட்டுவிடுவார்கள். அது முதல்முறை சேர்வோருக்கானது. வேறு எங்கும் பெயர் இல்லை என்ற உறுதிமொழி அதில் இருக்கிறது. இரட்டைப் பதிவு உண்டாவது பெரும்பாலும் இப்படித்தான்.

இன்னொன்று. 2025 நவம்பர் 4 தொடங்கி தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், பழைய முகவரியில் ஆள் இல்லை என்று பெயர் நீங்கியிருந்தால் படிவம் 8 உதவாது. இல்லாத பெயரை எப்படி இடம் மாற்றுவது? அப்போது படிவம் 6தான். ஆகவே எதையும் போடுமுன் உங்கள் பெயர் இன்றைக்கு எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்று பாருங்கள்.

மனு நிராகரிக்கப்பட்டால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் மேல்முறையீடு. அவர் ஆணையும் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். தேர்தல் அறிவித்த பிறகு ஓடாதீர்கள். வேட்புமனுவின் கடைசி நாள் கடந்துவிட்டால் அந்தத் தேர்தல் முடியும்வரை பட்டியலில் யாரும் கை வைக்க முடியாது.

வேலை, ஆஸ்பத்திரி, பிள்ளைகள் படிப்பு எல்லாம் புதுச்சேரியில். ஓட்டு மட்டும் வானூர் தொகுதியில். அடுத்த மறுவரையறையில் எங்களைப் புதுச்சேரியோடு சேர்ப்பார்களா?
(கோட்டக்குப்பம் வாசகர்)

சேர்க்க முடியாது. மறுவரையறை ஆணையம் ஒரு மாநிலத்துக்குள் தொகுதிக் கோடு போடலாம், மாநில எல்லையைத் தொட அதற்கு அதிகாரம் இல்லை. எல்லை மாற நாடாளுமன்றம் அரசியலமைப்பின் 3ஆவது பிரிவின் கீழ் சட்டம் இயற்ற வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லை ஒரே கோடாக இல்லை, துண்டு துண்டாக இருக்கிறது. பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டுப் பக்கம் போகும்போது பேருந்து தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வெளியே வருவது பயணிக்குத் தெரிவதுகூட இல்லை. நகரம் வளரும்போது இந்தக் கோட்டைப் பார்த்து வளர்வதில்லை. புதுச்சேரியில் மனை விலை ஏறினால் வடக்கே கோட்டக்குப்பம், தெற்கே கடலூர் மாவட்டத்து ரெட்டிச்சாவடி என்று குடும்பங்கள் எல்லை தாண்டுகின்றன. கோட்டக்குப்பம் 2021இல் நகராட்சியாகவே ஆகிவிட்டது. ஆனால் அந்த வளர்ச்சி புதுச்சேரியின் 30 தொகுதிக் கணக்கில் ஒரு ஓட்டையும் கூட்டாது. விழுப்புரம் மக்களவைத் தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையில்தான் சேரும். புதுச்சேரி நகரப் பேருந்தும் அரசு ஆஸ்பத்திரியும் சுமக்கும் கூட்டத்தில் ஒரு பகுதிக்கு, அவற்றை நடத்தும் அரசைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை என்ற விசித்திரம் இதனால் வருகிறது.

உறவினர் வீட்டு முகவரியில் புதுச்சேரி ஓட்டை விட்டு வைத்திருப்போருக்கு, மேலே வில்லியனூர் வாசகருக்குச் சொன்ன 17ஆவது, 31ஆவது பிரிவுகளை மறுபடி நினைவூட்டுகிறோம்.

எங்கள் ஊராட்சியைக் கடலூர் மாநகராட்சியோடு இணைத்தால் சட்டமன்றத் தொகுதியும் மாறிவிடும் என்கிறார்கள். உண்மையா?
(கடலூர் ஒன்றிய வாசகர்)

இல்லை. இது இரண்டு வேறு கோடுகள். ஊராட்சி மாநகராட்சியில் சேர்ந்தால் மாறுவது வார்டு. சட்டமன்றத் தொகுதி 2008 ஆணையில் எழுதியபடியே இருக்கும். அந்த ஆணையில் நெல்லிக்குப்பம், மங்களூர் போய் நெய்வேலி, திட்டக்குடி வந்தன. மாவட்டத்தில் அன்றும் 9, இன்றும் 9.

ஆனால் அடுத்த மறுவரையறையில் ஆணையம் நிர்வாக எல்லைகளைப் பார்த்துத்தான் கோடு போடும். அதனால் இன்றைய இணைப்பு நாளைய தொகுதிக்கு மறைமுக அடித்தளம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக நிர்வாக எல்லைகளை 2025 டிசம்பர் 31க்குள் மாற்றிக்கொள்ளும்படி மாநிலங்களுக்குக் கெடு சொல்லப்பட்டது. 2027 மார்ச் முடியும்வரை எல்லைகள் உறைநிலை.

இணைப்பில் உடனே கைக்கு எட்டும் மாற்றங்கள் வேறு. ஊரக வேலைத் திட்டம் ஊரகத்துக்கு மட்டுமானது. மாநகராட்சியானால் அந்த வேலை நின்றுபோகும். வீட்டு வரி மாநகராட்சி விகிதத்துக்கு ஏறும். ஆண்டுக்கு ஆறு கிராமசபை (ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1) போய், பகுதி சபை வரும். பதிலுக்குக் குப்பை வண்டி, பாதாளச் சாக்கடை, தெருவிளக்குக்குக் கூடுதல் நிதி வரலாம். வேலைத் திட்டத்தை நம்பியிருக்கும் பழைய தெருக்காரருக்கு இணைப்பு நஷ்டம், கார் வைத்திருக்கும் புது நகர்க்காரருக்கு லாபம். ஒரே ஊரில் ஒரே கட்சிக்கு இரண்டு குரலில் பேச வேண்டி வருவது இதனால்தான். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே மேடையில் உட்காரவைத்துப் பதில் சொல்லும் வேட்பாளரை எங்கும் காணோம்.

புறநகர் வளர்ந்தால் எந்தக் கட்சிக்கு லாபம்?
(திருப்பாதிரிப்புலியூர் வாசகர்)

2021இல் சென்னையின் 16 இடமும் திமுக அணிக்கு. அதே தேர்தலில் கோவை மாவட்டத்தின் 10 இடமும் அதிமுக அணிக்கு. இரண்டும் வேகமாகப் புறநகர் விரியும் ஊர்கள். 'புறநகர் ஓட்டு' என்று ஒரு கட்சிச் சின்னம் கிடையாது. சாலை, வாய்க்கால், பட்டா ஆகியவற்றில் யார் மேல் கோபம் என்பதே அங்கே முதலில் எண்ணப்படுகிறது.

தெருவில் சாக்கடை அடைத்தாலும் எம்.எல்.ஏ.விடம்தான் போக வேண்டியிருக்கிறது. கவுன்சிலர் என்று ஒருவர் இல்லையா?
(லாஸ்பேட்டை வாசகி)

புதுச்சேரிப் பகுதியில் இரண்டு நகராட்சி, ஐந்து கொம்யூன் பஞ்சாயத்து (பல கிராமங்களைச் சேர்த்த உள்ளாட்சி) இருக்கின்றன. உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல் நடந்தது. அந்தக் கவுன்சில்களின் காலம் 2011இல் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளே நடத்தி வந்தார்கள். கவுன்சிலர் நாற்காலி காலியானதும் அந்த வேலை சட்டமன்ற உறுப்பினர் தலையில் ஏறியது.

இதன் விளைவு மழைக்காலத்தில் அப்பட்டமாகத் தெரியும். வாய்க்கால் தொகுதி எல்லையில் நிற்பதில்லை. மேட்டுப் பக்கத்துப் புது மனைப்பிரிவில் ஓடையைக் குறுக்கி ஒன்றரை அடி குழாய் பதித்துவிட்டால், தண்ணீர் தேங்குவது அடுத்த தொகுதியின் தாழ்வான நகரில். மேல் தொகுதிக்காரருக்கு அது பிரச்சினையே இல்லை, அவர் ஓட்டு நனையவில்லை. கீழ்த் தொகுதிக்காரர் தன் நிதியில் பக்க வாய்க்கால் கட்டிக்கொண்டே இருப்பார். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் போன்ற இடங்களில் தேங்கிய தண்ணீர் ஒரு தொகுதியின் தண்ணீர் அல்ல.

புகார் கொடுக்கும்போது எம்.எல்.ஏ. அலுவலகத்தோடு நிற்காதீர்கள். தெருவோரச் சாக்கடை நகராட்சி அல்லது கொம்யூன் ஆணையருக்கு, பெரிய வாய்க்கால் பொதுப்பணித் துறைக்கு, மனைப்பிரிவு அங்கீகாரத்தில் தப்பு என்றால் நகர அமைப்புத் துறைக்கு. ஒரே மனுவின் நகலை மூன்றுக்கும் தேதி முத்திரையோடு கொடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவர் வேலை என்பார்கள்.

அடுத்த மறுவரையறையில் பழைய நகரத்துக்கு இன்னும் தொகுதி குறையுமா? நாம் செய்யக்கூடியது ஏதும் உண்டா?
(உப்பளம் வாசகர்)

அரசியலமைப்பின் 84ஆவது திருத்தத்தின்படி, 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பைக் கொண்டே அடுத்த வரையறை. அதற்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டது. அந்த எண்கள் வராமல் உறுதியாகச் சொல்ல முடியாது. 2011 எண்ணை வைத்து ஒத்திகை பார்க்கலாம்.

2011இல் மொத்தம் 12,47,953 பேர். 30ஆல் வகுத்தால் 41,598. புதுச்சேரிப் பகுதிக்கு 22.8, காரைக்காலுக்கு 4.8, ஏனாமுக்கு 1.3, மாஹேக்கு 1. அதாவது 23, 5, 1, 1 என்ற பங்கு அப்படியே நிற்கிறது. ஆக, அடுத்த இழுபறி காரைக்காலோடு இருக்காது, புதுச்சேரியின் 23க்குள்தான் இருக்கும். 2001இல் புதுச்சேரி நகராட்சியும் உழவர்கரை நகராட்சியும் ஏறக்குறைய சமம், ஆளுக்கு 2.2 லட்சத்தை ஒட்டி. 2011இல் உழவர்கரை 3 லட்சம், புதுச்சேரி 2.44 லட்சம். தொகுதிக் கணக்கில் உழவர்கரைக்கு 7.2, நகரத்துக்கு 5.9. இன்று நகரத்துப் பக்கம் ஏறத்தாழ 6 தொகுதிகள். அதன்பின் நகரத்தில் குடும்பங்கள் குறைந்து வீடுகள் விடுதிகளாகியிருந்தால், அந்த 5.9 எந்தப் பக்கம் போயிருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். 2023 சட்டப்படி பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் மறுவரையறைக்குப் பின்னரே. 30இல் அது 10. கோடும் மாறி, ஒதுக்கீடும் மாறும்போது பழைய முகங்களில் பலர் வேறு தொகுதி தேட வேண்டியிருக்கும். தேர்தலில் நிற்காமல் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்படும் உறுப்பினர் மூவருக்கு மட்டும் இந்தக் கவலை எதுவும் இல்லை.

செய்யக்கூடியது இரண்டு. கணக்கெடுப்பாளர் வரும்போது யார் எங்கே வழக்கமாக வசிக்கிறார்களோ அங்கேயே எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளையைக் கணக்கில் கூட்டுவதும், மாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தை மறைப்பதும் தப்பு. பிறகு, ஆணையம் வரைவை அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும், பொது அமர்வும் நடத்தும். 2002 மறுவரையறைச் சட்டம் சொன்ன அளவுகோல்கள்: நிலப்பரப்பு ஒட்டியிருத்தல், ஆறு முதலான இயற்கை அமைப்பு, இருக்கும் நிர்வாக எல்லை, போக்குவரத்து, பொதுமக்கள் வசதி. உங்கள் மனு இந்த ஐந்தில் எதை வரைவு மீறுகிறது என்று வரைபடத்தோடும் வார்டுவாரி மக்கள்தொகையோடும் காட்ட வேண்டும். 'எங்கள் ஊர்ப் பெருமை போகிறது' என்று எழுதினால் கோப்பில் சேர்த்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்கள். இறுதி ஆணை வந்தபின் அரசியலமைப்பின் 329ஆவது பிரிவு குறுக்கே நிற்கும், நீதிமன்றத்தில் அதை அசைப்பது மிகக் கடினம். வரைவுக் காலத்தைத் தவறவிடக் கூடாது.

எங்கள் நகருக்குத் தனி வாக்குச்சாவடி கேட்கலாமா?
(அரியாங்குப்பம் வாசகர்)

கேட்கலாம். ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளர் உச்சவரம்பு, முன்பு 1,500 ஆக இருந்தது. வாக்காளர் 2 கிலோமீட்டருக்கு மேல் நடக்கும்படி இருக்கக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று மீறப்படுகிறது என்று காட்டுங்கள். பட்டியல் திருத்தத்துக்கு முன் நடக்கும் சாவடிச் சீரமைப்பின்போது வாக்காளர் பதிவு அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். அரசுப் பள்ளிக்கு முன்னுரிமை. தரைத்தளம், சாய்வுப் பாதை, குடிநீர், கழிப்பறை உள்ள கட்டடத்தை நீங்களே சுட்டிக்காட்டினால் வேலை சீக்கிரம் நடக்கும். 200 மீட்டருக்குள் கட்சி அலுவலகம் இருந்தால் அந்தக் கட்டடத்தைச் சொல்லாதீர்கள், தள்ளிவிடுவார்கள்.